20 கேபிக்காகக் கையெழுத்தைக் கொடுக்கலாமா?

வங்கித் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் போதும், மாணவர்கள் வட்டாரத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "போட்டோவை எப்படிடா 50 கேபிக்குள்ள கொண்டு வர்றது?" என்பதுதான். பாடத்திட்டம் எல்லாம் அப்புறம்!

ஐபிபிஎஸ் அறிவிப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புகைப்படம் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. கூடவே இடது கட்டைவிரல் ரேகை, கைப்பட எழுதிய உறுதிமொழி. போனில் எடுத்த படமோ 3, 4 எம்பி இருக்கும். உடனே கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படுகிற ஏதோ ஒரு தளத்தில் நான்கையும் ஏற்றிவிடுகிறோம். அது சுருக்கித் தருகிறது, நாமும் மறந்துவிடுகிறோம்.

இது தவறு என்பது என் கருத்து. வணிகவியல் படிக்கிறவனுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருவது, மாதிரிக் கையெழுத்தை வங்கி எவ்வளவு பத்திரமாக வைக்கிறது என்பதை. அந்த வங்கியில் வேலைக்குப் போகிறவர்கள் முகம், கையெழுத்து, ரேகை மூன்றையும் ஒன்றாகக் கட்டி, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத தளத்திடம் கொடுக்கிறோம். "ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுவோம்" என்று சில தளங்கள் எழுதியிருக்கும். நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அழித்தார்களா என்று பார்க்க நமக்கு வழி இல்லையே!

சரி, வேறு என்ன செய்வது? கொஞ்சம் கணக்குப் போட்டால் இது எவ்வளவு சின்ன வேலை என்று புரியும். 4000க்கு 3000 பிக்சல் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். அவர்கள் கேட்கும் 200க்கு 230இல் வெறும் 46 ஆயிரம். அதாவது சுமார் 260இல் ஒரு பங்கு. பிக்சலைக் குறைத்தாலே கேபி தானாக இறங்கிவிடும். விண்டோஸில் இருக்கும் பெயின்ட் போதும். முதலில் முகத்தை மட்டும் அளவாக வெட்டி, பிறகு ரீசைஸ் போய் பிக்சலைக் கொடுத்து, ஜேபெக்காகச் சேமிக்க வேண்டியதுதான். வெட்டாமல் அளவை மாற்றினால் முகம் இழுத்துக்கொண்டு நிற்கும், ஜாக்கிரதை.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிக்சலை அப்படியே விட்டுவிட்டுத் தரத்தை மட்டும் அடிமட்டத்துக்குக் குறைக்கிறார்கள். 1992இல் வந்த ஜேபெக் முறை, படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. அளவு மீறிக் கழித்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ரேகையில் முக்கியமே அந்த நுணுக்கக் கோடுகள்தானே? படம் தெளிவாக இல்லை என்றால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். ஒருமுறை சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்கவும் கூடாது. ஒவ்வொரு முறையும் மூலப்படத்திலிருந்து தொடங்குங்கள். படம் 20 கேபிக்குக் கீழே போய்விட்டால், ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் மூலப்படத்தைத் திறந்து அதே பிக்சலுக்குக் கொண்டுவந்து, சேமிக்கும்போது தரத்தைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகிவிடும்.

கணினி இல்லாமல் போன் மட்டும் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. படத்தை எங்கும் அனுப்பாமல் நம் பிரவுசருக்குள்ளேயே சுருக்கித் தரும் தளங்களும் உண்டு. கூகுள் குரோம் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஸ்கூஷ் அப்படிப்பட்டது. வேறு தளமாக இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கம் திறந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சுருக்கிப் பாருங்கள். சுருக்காவிட்டால் அந்தத் தளத்தை மூடிவிடுங்கள். பிரவுசிங் சென்டருக்குப் போகிறவர்கள், ஸ்கேன் செய்த படங்களை டெஸ்க்டாப்பிலிருந்தும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அண்ணன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விண்ணப்பம் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய படத்தை வாங்கி, வேண்டிய அளவுக்கு வெட்டிச் சுருக்கும் வசதியை விண்ணப்பப் பக்கத்திலேயே வைப்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. லட்சக்கணக்கானவர்கள் தனித்தனியாக அல்லாடுவதை விட, ஒரு நிரலாளர் சில நாள் உட்கார்ந்தால் தீர்ந்துவிடும். அதுவரை நம் கையெழுத்துக்கு நாம்தான் காவல்.

நீங்க என்ன சொல்றீங்க நண்பர்களே?