காப்புப் பருவம்

குறைமாதக் குழந்தையை இராஜாக்கமங்கலத்திலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காக எடுத்துச் செல்லும் தாய்க்குப் பெரும்பாலும் பேருந்தே துணை. மடியில் துணி சுற்றிய சிறு பொதி. பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கை நீள்கிறது, கன்னத்தை வருடுகிறது, விரல்நுனி உதட்டுக்குச் சென்று முத்தமாகத் திரும்புகிறது. அக்கையில் வஞ்சமில்லை. ஆனால் சற்றுமுன் பேருந்துக் கம்பியையும் சில்லறையையும் மீன்கூடையையும் பற்றிய கை அது.

முப்பத்தேழு வாரங்கள் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள், அதாவது பத்தில் ஒன்று, இவ்வாறு பிறந்தன. நோயை எதிர்க்கும் ஆற்றல் தாயிடமிருந்து சேய்க்குப் பெரிதும் கருவின் இறுதி மாதங்களில்தான் சென்று சேர்கிறது. முந்திப் பிறந்த பிள்ளை அந்தத் தாய்வீட்டுச் சீதனத்தை முழுமையாகப் பெறாமலே வந்துவிடுகிறது. தோலும் மெலிது, நுரையீரலும் முதிராதது. பெரியவர்க்கு இரண்டு நாள் தும்மலோடு போகும் சளி, அதற்கு மூச்சுத்திணறலாக மாறக்கூடும்.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணக்கூறாய்வு அறையிலிருந்து பேறுகால அறைக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டும் என்றார். தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆயினும் தம் கையே நோயைச் சுமந்தது என்பதைக் கற்றறிந்த பலர் ஏற்கவில்லை. அவர்களே சினந்தபோது, பேருந்துப் பயணி முகம் சுளிப்பதில் வியப்பென்ன?

தொடுதல் அனைத்தும் தீதன்று. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப்பேழைகள் போதாத நிலையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறை தொடங்கிற்று. கங்காரு பராமரிப்பு என இன்று உலகறிந்தது அது. தாயின் தோல் மருந்தாகிறது; ஊராரின் கை அவ்வாறன்று.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் அறியாதவரல்லர். பேறு நிகழ்ந்த வீட்டு வாயிலில் வேப்பிலை செருகினர்; வருவோர் கால் கழுவ நீர் வைத்தனர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் முதலாவதே காப்பு. தீட்டு என்று சொல்லித் தாயையும் ஒதுக்கியது கொடுமை. அது போனது நன்று. அதனோடு வாயிலில் இருந்த தடையும் போனதுதான் இழப்பு.

இன்று அந்தத் தடையை வாய்விட்டுச் சொல்லும் பொறுப்பு, வீட்டிலேயே குரல் தாழ்ந்த இளந்தாயின் தலையில் விழுகிறது. ‘தொடாதீர்கள்’ என்றால் செருக்குக்காரி என்னும் பெயர். சொல்லாவிட்டால் இரவெல்லாம் அச்சம். இச்சொல்லை அவள் வாயில் வைப்பது முறையன்று. கணவன் சொல்லலாம், மாமியார் சொல்லலாம். நீளும் கை தானே மடங்கினால் எவரும் சொல்ல வேண்டியதில்லை. நெட்டி முறிக்க விரும்புவோர் எட்ட நின்றே முறிக்கலாம். கண்ணேறு கழிவதற்குக் கன்னம் தேவையில்லை. உடன்வரும் பாட்டி ஒருத்தி, “மாசம் திகையாத பிள்ளையாக்கும், கண்ணால பாத்தா போதும் மக்கா” என்று சிரித்தபடி முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டால், பேருந்தில் எவரும் கோபிப்பதில்லை.