நாற்பதுக்கு முழு மார்க்!

போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு டிசைன் பிராஜக்ட். கடலில் மிதந்தபடி எண்ணெய் எடுக்கும் கப்பலுக்கு நீர் சுத்திகரிப்பு அமைப்பை வடிவமைக்க வேண்டும். வகுப்பில் எல்லாரும் முதல் பக்கத்தில் எழுதிய எண் ஒன்றுதான்: வெளியே விடும் நீரில் எண்ணெய், லிட்டருக்கு 40 மில்லிகிராம். நானும் எழுதினேன். முழு மார்க். ஏன் 40 என்று ஒருத்தரும் கேட்கவில்லை. லீவுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பா கேட்டார்.

எங்க ஊர் லைட்ஹவுஸ் குப்பம். பழவேற்காட்டில் பாலம் தாண்டி வந்தால் கலங்கரை விளக்கம், அதைச் சுற்றி நாங்கள். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல். சித்தப்பா வலையைச் சரிபார்த்துக்கொண்டே என் பிராஜக்ட் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ சுத்தம் பண்ண தண்ணியிலயும் எண்ணெய் இருக்கும்ன்ற. எவ்ளோ இருக்கலாம்னு யாருடா முடிவு பண்ணது?" என்றார். முழித்தேன். பதிலைத் தேடிப் படித்தபோது வந்த எரிச்சல்தான் இந்தப் பதிவு.

வேறு துறை நண்பர்களுக்காகச் சின்ன அறிமுகம். எஃப்.பி.எஸ்.ஓ. என்பது கடலடிக் கிணறுகளிலிருந்து வரும் எண்ணெயை வாங்கி, பிரித்து, சேமித்து, வேறு கப்பலுக்கு ஏற்றிவிடும் மிதக்கும் தொழிற்சாலை. நம் பக்கத்தில் காக்கிநாடாவுக்கு அப்பால், ஓ.என்.ஜி.சி.யின் ஆழ்கடல் வயலில் 2024 ஜனவரியில் இப்படி ஒரு கப்பல் மூலம் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். கிணற்றிலிருந்து எண்ணெய் மட்டும் வராது. கூடவே பூமிக்கடியில் இருந்த உப்புநீரும் வரும். வயலுக்கு வயதாக ஆக எண்ணெய் குறையும், நீர் கூடும். அந்த நீரைச் சுழற்றி எண்ணெயை நடுவில் ஒதுக்க ஹைட்ரோசைக்ளோன், காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து மேலே மிதக்கவிட இன்னொரு தொட்டி. அதற்குப் பிறகு கடல்.

இந்த 40 எங்கிருந்து வந்தது? சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் 1996ல் வந்த தரநிலை அது. கடலில் விடும் நீரில் எண்ணெய், 95 சதவீத அளவீடுகளில் 40ஐத் தாண்டக்கூடாது. எப்போதுமே 100ஐத் தாண்டக்கூடாது. அதாவது வருஷத்தில் சுமார் 18 நாள் 40க்கு மேல் போனாலும் சட்டப்படி சரி.

இதே நாட்டில், இதே தொழிலில், கரையில் எண்ணெய் எடுப்பவருக்கு வரம்பு 10. அதைவிட வேடிக்கை, அதே கப்பலின் இன்ஜின் அறையில் சேரும் அழுக்குத் தண்ணீருக்கு சர்வதேச மார்போல் ஒப்பந்தப்படி 15. ஒரே கப்பல், ஒரே கடல். இன்ஜின் அறைத் தண்ணீர் என்றால் 15, கிணற்றுத் தண்ணீர் என்றால் 40. மீனுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளிலும் முன்பு 40தான் இருந்தது. 2007 முதல் 30 ஆக்கிவிட்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம் :-)

எண் மட்டும் பிரச்சினை இல்லை, அதை எதன் மேல் வைத்திருக்கிறோம் என்பதுதான் பெரிய பிரச்சினை. லிட்டருக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறோம், மொத்தம் எவ்வளவு என்று கேட்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கப்பல் தினம் 10,000 கன மீட்டர் நீர் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 400 கிலோ எண்ணெய். வருஷத்துக்கு 146 டன். ஒரு விதியும் மீறப்படவில்லை! வயல் கிழடாகி நீர் இரட்டிப்பானால் எண்ணெயும் இரட்டிப்பாகும். அப்போதும் ரிப்போர்ட்டில் அதே 40தான் இருக்கும்.

அடுத்தது சோதனை. தினமும் மூன்று சாம்பிள் எடுத்து சராசரி பார்க்க வேண்டும் என்கிறது விதி. மேலே சொன்ன கப்பலில் அது ஒரு கோடி லிட்டருக்கு மூன்றே மூன்று சாம்பிள். அலையில் கப்பல் ஆடும்போது பிரிப்புத் தொட்டிக்குள் நீரும் ஆடும், எண்ணெய் மறுபடி கலக்கும். சாம்பிள் எடுத்த நேரம் கடல் அமைதியாக இருந்தால் எல்லாம் சுபம்.

மூன்றாவது, நாம் டிசைன் செய்த சாமான் எதைப் பிடிக்கிறது என்பது. ஹைட்ரோசைக்ளோன் துளியாக மிதக்கும் எண்ணெயைத்தான் பிரிக்கும். பென்சீன், ஃபீனால் மாதிரி நீரில் கரைந்துவிட்டவை அதற்குத் தண்ணீர் மாதிரிதான், நேராகப் போய்விடும். எண்ணெயிலிருந்து நீரில் கரையும் சில ஹைட்ரோகார்பன்கள் மிகக் குறைந்த அளவிலேயே மீன் குஞ்சின் இதயத்தைக் கெடுக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

"கடல் பெரிசு, கலந்து போயிடும்" என்று ரூம்மேட் சொன்னான். உண்மைதான், கப்பலிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே நீர்த்துவிடும். காக்கிநாடா எண்ணெய் படலமாக எங்க குப்பத்துக்கு மிதந்து வரும் என்று நான் பயம் காட்டவும் இல்லை. எந்த ஒரு கப்பல் மேலும் புகார் சொல்லவில்லை, எல்லாக் கப்பலுக்கும் பொதுவான அந்த எண்ணைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆனால் "கலந்து போயிடும்" என்பது பொறியியல் இல்லை. இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். எங்களுக்குக் கடல் வேறு ஏரி வேறு இல்லை.

செலவு, இடம், எடை என்று அடுத்த வாதம் வரும். இது நியாயமான வாதம். கப்பலில் ஒவ்வொரு டன்னுக்கும் சண்டைதான். ஆனால் அந்த நீரை நிலத்தடிப் பாறைக்கே திருப்பிச் செலுத்தும் முறை உலகில் பல வயல்களில் நடக்கிறது. அதற்குப் பம்பு வேண்டும், மின்சாரம் வேண்டும், பாறை அடைத்துக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். சுலபம் இல்லைதான், ஆனால் முடியாத காரியமும் இல்லை. கப்பல் கட்டும்போதே இடம் ஒதுக்கினால்தான் முடியும். பிறகு ஒட்டுப்போட முடியாது. 40 போதும் என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டால் அந்த இடத்தை யார் ஒதுக்குவார்?

நல்ல நாளுக்கு டிசைன் செய்தால் என்ன ஆகும் என்று எங்க கரைக்குத் தெரியும். 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதின. முதலில் கசிவே இல்லை என்றார்கள். பிறகு வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. எண்ணெய்க் கப்பலிலும் கதை இதேதான். சுத்திகரிப்பு சொதப்பினால் அந்த நீரை வைத்திருக்க ஒரு தொட்டி இருக்கும். அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதுதான் உண்மையான கேள்வி. நிரம்பிவிட்டால் ஒன்று உற்பத்தியை நிறுத்த வேண்டும், இல்லை கடலில் விட வேண்டும். எது நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைப்பார்கள். மீறினால் அன்றைக்கே ஊருக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எல்லாரும் அறிந்த விதி. இவ்வளவு நாகரிகமாவது நடுக்கடலுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்:

1. லிட்டர் கணக்கோடு வருஷத்துக்கு மொத்தம் இத்தனை டன் என்றும் உச்சவரம்பு.
2. கரைந்த நச்சுகளுக்கும் தனி வரம்பு.
3. மூன்று பாட்டிலுக்குப் பதில் இடைவிடாத அளவீடு. அந்தந்த நாள் எண்ணிக்கை தமிழிலும் தெலுங்கிலும் கடற்கரை ஊர்களுக்கு.
4. புதுக் கப்பலுக்கு நீரைத் திருப்பிச் செலுத்துவதே விதி. முடியாது என்பவர் காரணத்தை நிரூபிக்கட்டும்.

வகுப்புத் தோழர்களே, எங்க குப்பத்துக்குத் தெற்கே காட்டுப்பள்ளியில் கடல் எண்ணெய் மேடைகளுக்கான இரும்பு வேலை நடக்கிறது. நம்மில் சிலர் அங்கேயோ, அது மாதிரி ஒரு ஆபீஸிலேயோதான் உட்காரப் போகிறோம். அன்றைக்கும் முதல் பக்கத்தில் ஒரு எண் எழுதச் சொல்வார்கள். சட்டம் சொல்லும் 40 என்பது அதற்கு மேல் போனால் குற்றம் என்கிற கோடு. அதுவரை விடலாம் என்கிற அனுமதிச்சீட்டாக அதை மாற்றியது சட்டம் மட்டும் இல்லை, நாமும்தான்.

சித்தப்பாவிடம் இந்தக் கணக்கையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "மார்க் எவ்ளோ வாங்கின?" என்றார். முழு மார்க் என்றேன். ஒன்றும் சொல்லாமல் வலையைப் பார்க்கப் போய்விட்டார்.