ஜால்ராவைக் காணோம்!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் ஜால்ரா நின்று போய்விட்டது. மிருதங்கம் இருக்கிறது, பாடுகிறவர் இருக்கிறார், ஜால்ரா மட்டும் மிஸ்ஸிங். ஆபீஸில் எனக்கு இந்தக் குறை வந்ததே கிடையாது. அங்கே வேலை நிற்கும், ஃபேன் நிற்கும், ஜால்ரா நிற்காது!

ஸ்பீக்கர் பெட்டிக்குள் இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். பெரியவர் வூஃபர். தவில், பேஸ் கிடார் சமாசாரமெல்லாம் அவருடையது. சின்னவர் டிவீட்டர். சுமார் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஜால்ரா, சலங்கை, பாடகியின் 'ஸ்', 'ஷ்' எல்லாம் இவர் டிபார்ட்மென்ட். கனத்த சத்தம் எதுவும் சின்னவர் பக்கம் போகாதபடி ஒரு கெபாஸிட்டர் வாசலில் வாட்ச்மேன் மாதிரி நிற்கும்.

கடையில் கேட்டேன். "இந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். செட்டையே மாத்திருங்க" என்றார்கள். ஒரு சுண்டைக்காய்க்காகச் செடியையே பிடுங்கச் சொல்கிறார்கள். வீட்டிலேயே ஆபரேஷன் என்று முடிவெடுத்தேன்.

முன்வலையைக் கழற்றினால், டிவீட்டரின் நடுவில் இருக்கும் பட்டுத்துணிக் குமிழ் உள்ளே குழிந்து கிடக்கிறது. அக்கா மகன், வயது மூன்று, வலது கை ஆள்காட்டி விரல். ஆனால் குழி விழுந்தால் குரல் மாறுமே தவிர, அடியோடு போகாது. திருகுகளைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுத்தேன். உயிர் இருந்தால் 'டிக்' என்று சத்தம் வரவேண்டும். வரவில்லை. நல்லவேளை, காயில் கருகவில்லை. (சின்ன ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் முறுக்குகிறவர்கள் வீட்டில்தான் அது கருகும். கருகினால் எள்ளும் தண்ணீரும்தான்.) காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயர் ஆடி ஆடி நுனியில் ஒடிந்திருந்தது, அவ்வளவுதான்.

"யப்பா, அந்த ஊசியக் கொஞ்சம் எடுங்க" என்றேன். அப்பா போய் உளியை எடுத்துக்கொண்டு வந்தார். தலைமுடி கனத்துக்கு இருக்கிற ஒயரை நிமிர்த்த உளி!

அம்மா தன் பங்குக்கு, "கோவில் புத்து மண்ணக் கொஞ்சம் தடவிப் பாரேம்ல" என்றாள். சங்கரன்கோவிலில் எந்த வியாதிக்கும் முதல் மருந்து அதுதான். ஆனால் டிவீட்டருக்குள் காந்தம் இருக்கிறது. மண் போனால் கோமதி அம்மனே வந்தாலும் வெளியே வராது.

பழைய இயர்ஃபோனை அறுத்து, அதிலிருந்து ஒரு இழை உருவினேன். அதன் மேல் வார்னிஷ் பூச்சு உண்டு. தீக்குச்சியால் பொசுக்கிச் சுரண்டினால்தான் ஈயம் ஒட்டும். ஒட்டியது. அடுத்து குழி. தண்ணீர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டி, குமிழைச் சுற்றி அழுத்தி, வாய்ப்பக்கம் மெதுவாக உறிஞ்சினேன்.

"என்னலே, பொட்டிக்கு முத்தம் குடுக்கே?" என்றாள் அம்மா.

'ப்ளக்!' குமிழ் எழுந்துவிட்டது.

கேசட்டைப் போட்டேன். ஜால்ரா கணீரென்று வந்தது. "எப்படிப்பா?" என்றேன் பெருமையாக. அப்பா ஒரு முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. முன்னயும் இப்படித்தாம்ல இருந்துச்சு."

எனக்கு அந்த உளி ஞாபகம் வந்தது.

அப்பா 32 வருஷம் பவர்லூமில் நின்றவர். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் வரைதான் பத்திரம் என்கிறார்கள் நிபுணர்கள். தறிக்கூடம் 90-ஐச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சத்தம் காதில் முதலில் கடிக்கிற இடம் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம். சரியாக டிவீட்டர் டிபார்ட்மென்ட். 'ச'வும் 'ஸ'வும் அங்கேதான் இருக்கின்றன. ஊசி உளியானது அதனால்தான். காதுக்குள் இருக்கும் அந்த நுண்ணிய மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. பாட்டில் வைத்து உறிஞ்ச முடியாது. இத்தனை வருஷமும் அம்மா கூப்பிட்டு அவர் திரும்பாததை நாங்கள் அலட்சியம் என்று நினைத்தோம்.

ஒரு ஆச்சரியம். இந்தக் குமிழ் டிவீட்டரை 1958-ல் ஏ.ஆர்-3 என்ற ஸ்பீக்கரில் கொண்டுவந்த அமெரிக்கர் எட்கர் வில்ச்சூர், கம்பெனியை விற்றுவிட்டுக் காது ஆராய்ச்சிக்குப் போனார். மெல்லிய சத்தத்தை அதிகமாகவும் பெரிய சத்தத்தைக் குறைவாகவும் கூட்டித் தரும் காது மெஷின் யோசனையை 1973-ல் வெளியிட்டார். பேடன்ட் வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

இதையெல்லாம் அப்பாவிடம் உரக்கச் சொன்னேன். திங்கட்கிழமை லீவு போடுகிறேன், திருநெல்வேலிக்குப் போய்க் காதைச் சோதித்துவிட்டு வரலாம் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். உளிய எடுத்த எடத்துல வெச்சியாலே?"