வாருக்கும் சுருதி உண்டு

சந்தையில் பானை வாங்கப் போகும் அம்மாள் விரலை மடக்கி அதன் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறாள். 'டங்' என்று கேட்டால் காசை அவிழ்க்கிறாள். 'டப்' என்று கேட்டால் அடுத்த பானையைப் பார்க்கப் போய்விடுகிறாள். நமது கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர், கொதிக்கும் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டு, அது எழுப்பும் சப்தத்தைக் கேட்டே பதம் சொல்லிவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத விஷயத்தைக் காது கண்டு சொல்லும் என்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. அந்தக் காதின் உத்தியோகத்தில் பாதியைக் கைப்பேசி இப்போது ஏற்றுக்கொண்டிருப்பதுதான் புதிது. அதுவும் எதற்காக? சைக்கிள் பெல்ட் சரியாக இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக!

சைக்கிளுக்குப் பெல்ட் ஏது, சங்கிலிதானே உண்டு என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கரிசல் காட்டில் சங்கிலி படும் பாட்டையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். சித்திரை வைகாசியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. காற்றில் கிளம்பும் தூசி, சங்கிலிக்கு விட்ட எண்ணெயோடு குழைந்து, பல்சக்கரத்தைத் தேய்த்துத் தின்கிறது. ஐப்பசி மழை இறங்கிவிட்டாலோ, அதே மண் தண்ணீரைக் குடித்து உப்பிப் பசையாகிவிடுகிறது. பத்துக் கஜம் போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொள்கிறது. பிறகு வண்டியின்மேல் மனிதன் போவது நின்று, மனிதன் தோள்மேல் வண்டி போக ஆரம்பிக்கிறது! மட்கார்டில் அடையும் சேற்றுக்குப் பெல்ட் பரிகாரமாகாது. அதற்குக் குச்சிதான் பரிகாரம். ஆனால் எண்ணெயும் தூசியும் கலந்து சங்கிலியை அரைக்கும் தொல்லை பெல்ட்டுக்குக் கிடையாது.

அமெரிக்காவில் டென்வர் நகரத்துக் கேட்ஸ் கம்பெனியார் 'கார்பன் டிரைவ்' என்ற பெயரில் செய்யும் பெல்ட் இவற்றில் பிரசித்தமானது. பாலியூரித்தேன் என்னும் ரப்பர் போன்ற பொருளுக்குள்ளே கரியிழை நார்கள் ஓடுகின்றன. உட்புறம் பல் பல்லாக இருக்கிறது. எண்ணெய் வேண்டியதில்லை, துருப் பிடிப்பதில்லை, வேட்டியில் கறை படிவதில்லை. ஆனால் சங்கிலியைப் போல இதை நடுவில் கழற்றி மாட்ட முடியாது. ஆகையால் சைக்கிளின் பின் சட்டத்திலேயே திறந்து மூடும்படி ஓர் இடம் வைத்திருக்க வேண்டும். விலையும் அதிகம். நம் ஊர்த் தெருக்களில் இத்தகைய சைக்கிள் அபூர்வமாக இருப்பதற்கு இவையே காரணம். எனினும் பெல்ட் நமக்கு அந்நியமானதல்ல. ஓசூரில் தயாராகும் ஏதர் 450 மின்சார ஸ்கூட்டரில், மோட்டாரின் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது இத்தகைய பல் வைத்த பெல்ட்தான்.

அது கிடக்கட்டும். ராட்டையில் பெரிய சக்கரத்திலிருந்து கதிருக்கு ஓடும் கயிறு வேறென்ன? அதுவும் ஒரு பெல்ட்தானே? கயிறு தொய்ந்திருந்தால் சக்கரம் சுற்றும், கதிர் சுற்றாது. நூலில் முறுக்கு ஏறாது. அளவு மீறி இறுக்கினாலோ கை வலிக்கும், கதிரின் தாங்கி தேயும். பருத்தி விளையும் இந்தச் சீமையில் நூற்றவர்கள் எல்லாருக்கும் தெரிந்த உண்மை இது. சைக்கிள் பெல்ட்டுக்கும் இதே நியாயந்தான். தளர்ந்திருந்தால், மேட்டில் பெடலை ஊன்றி மிதிக்கும்போது பெல்ட் பல்லைத் தாண்டிக் குதிக்கும். அப்படிக் குதிப்பதில் உள்ளே இருக்கும் நார் கெடவும் கூடும். அதிகமாக இறுகியிருந்தால் பேரிங்குகள் சீக்கிரம் தேயும், மிதிப்பதும் பாரமாகும். இரண்டுக்கும் நடுவே சரியான இறுக்கம் எது என்பதுதான் கேள்வி.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "சரியாய்த்தான் இருக்கிறது" என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒருவர் கட்டைவிரலைப் போல் இன்னொருவர் கட்டைவிரல் இருப்பதில்லையே! இங்கேதான் வீணை நமக்குத் துணைக்கு வருகிறது. வித்வான் பிருடையை முறுக்க முறுக்கத் தந்தியின் சுருதி ஏறுகிறதல்லவா? தந்தியின் நீளம், கனம், இறுக்கம் ஆகிய மூன்றுக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கைப் பிரான்சு தேசத்துத் துறவி மெர்சேன் 1636-ல் வெளியிட்ட நூலில் வகுத்துச் சொன்னார். நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரு மடங்காகும். அதே நீளத்தில் அதிர்வு இரு மடங்காக வேண்டுமானால் இறுக்கம் நாலு மடங்காக வேண்டும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெறுவதற்கு முன்னால், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தை ஆராய்ந்தவர் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

இரண்டு பல்சக்கரங்களுக்கும் நடுவே விறைத்து நிற்கும் பெல்ட்டும் ஒரு தந்தியே. மேல்பக்கத்து நடுவில் அதை விரலால் சுண்டிவிட்டு, கைப்பேசியின் மைக்கை அருகில் பிடித்தால், அதற்கென்றே அமைந்த செயலி அந்தச் சப்தத்திலுள்ள சுருதியைப் பிரித்தெடுத்து, விநாடிக்கு இத்தனை அதிர்வு என்று எண்ணாகக் காட்டுகிறது. கலந்து வரும் சப்தத்தை இப்படித் தனித்தனிச் சுருதியாகப் பிரிக்கும் கணித முறை, பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1822-ல் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்தது.

எண் கிடைத்துவிட்டால் காரியம் முடிந்ததா? இல்லை. உதாரணத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதிரும் பாகத்தின் நீளம் 45 சென்டிமீட்டர் என்றும், பெல்ட்டின் கனம் மீட்டருக்கு 60 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். செயலி 50 என்று காட்டினால் இறுக்கம் ஏறக்குறைய 12 கிலோ எடைக்குச் சமம். 60 என்று காட்டினாலோ அது 18 கிலோ எடையை எட்டிவிடுகிறது! அதிர்வு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் இறுக்கம் பாதியளவு கூடிவிடுகிறது. ஆகவே எண்ணில் நேரும் சிறு பிழை இறுக்கத்தில் பெரும் பிழையாகும்.

இதனால் அளப்பதிலும் சில ஒழுங்குகள் வேண்டும். முதலாவது, மின்விசிறியையும் மோட்டாரையும் நிறுத்திவிட வேண்டும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அதனால் மின் யந்திரங்களின் முனகல் 50, 100 என்ற எண்களிலேயே கேட்கும். பெல்ட்டின் சுருதியும் பெரும்பாலும் 50-ஐ ஒட்டியே இருப்பதால், செயலி பெல்ட்டை விட்டுவிட்டு விசிறியின் சுருதியைச் சொல்லிவிடலாம். இரண்டாவது, பெடலைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி நாலு இடத்தில் அளந்து பார்க்க வேண்டும். பல்சக்கரம் பரிபூரணமான வட்டமாக அமைவதில்லை. மூன்றாவது, செயலி சில சமயம் மேல் ஸ்தாயியைப் பிடித்துக்கொண்டு இரு மடங்கான எண்ணைக் காட்டும். அதை நம்பித் தளர்த்தினால் பெல்ட் தொளதொளத்துப் போகும். நாலாவது, ஒரு வண்டிக்குச் சொன்ன எண் மற்றொரு வண்டிக்கு ஆகாது. தயாரித்தவர் அந்த வண்டிக்கு விதித்த எல்லையைத்தான் பார்க்க வேண்டும்.

'பெல்ட் சைக்கிள் இல்லாத நமக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது ராஜ்யத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகச் சைக்கிள் தருகிறது. அதே வகுப்பில்தான் தந்தியின் அதிர்வு விதிகளும் பாடமாக வருகின்றன. சோனாமீட்டர் என்ற பெட்டியில் கம்பியைக் கட்டி எடை தொங்கவிட்டுப் பரிசோதிக்கிறார்கள். பிள்ளைகள் விதியை நெட்டுருப் போட்டு, மார்க்கு வாங்கி, வெளியே வந்து சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஏறிப் போகும் அந்த வண்டியின் சக்கரத்திலேயே விறைத்த கம்பிகள் டஜன் கணக்கில் இருக்கின்றன என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பழைய மாதிரிச் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கும் தொழிலாளி அவற்றை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தே எது தளர்ந்தது என்று கண்டுகொள்கிறார். அவர் ஃபூரியேயின் பெயரைக் கேட்டிராமல் இருக்கலாம்; விதி மட்டும் அவர் காதில் இருக்கிறது.

படித்த பிள்ளையிடம் எண் இருக்கிறது, தொழிலாளியிடம் காது இருக்கிறது. ஒருவரை ஒருவர் சந்திப்பதேயில்லை. நம் தேசத்துக் கல்வியின் குறை இதுதான் என்பது நமது அபிப்பிராயம். இதைத் தீர்க்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பாட்டுக்காரர்கள் உபயோகிக்கும் சுருதி பார்க்கும் செயலி எந்தக் கைப்பேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைச் சைக்கிள் கடைக்கு அனுப்புங்கள். கடைக்காரர் கம்பியைச் சுண்டட்டும். பிள்ளை எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். கோட்டம் எடுப்பதற்கு முன் ஒரு பக்கத்துக் கம்பிகளின் எண்கள் எவ்வளவு சிதறியிருந்தன, எடுத்த பிறகு எவ்வளவு நெருங்கின என்று நோட்டில் இரண்டு பத்தியாக எழுதட்டும். வீட்டில் தையல் இயந்திரம் இருந்தால் அதன் தோல் பெல்ட்டையும் சுண்டிப் பார்க்கலாம். பெல்ட்டைச் சற்று வெட்டிக் கொக்கி மாட்டிய பிறகு சுருதி எவ்வளவு ஏறிற்று என்றும் பார்க்கலாம். கடைக்காரருக்குக் கூலியோடு, அவர் கற்றுக்கொடுத்ததற்காக ஒரு வணக்கமும் சொல்லிவிட்டு வரும்படி பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.