28 சென்ட்டில் 12

பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

எங்கள் தெருக்கோடியில் 28 சென்ட் நிலம் பூட்டிக் கிடக்கிறது. மனைப்பிரிவு போட்டவர்கள் தானப் பத்திரம் எழுதி மாநகராட்சியிடம் ஒப்படைத்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம். கம்பி வேலி, பெயர்ப்பலகை, பூட்டு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. அந்தப் பூட்டு இல்லாதிருந்தால் இந்நேரம் அங்கே கார்கள் நின்றிருக்கும், அல்லது யாராவது ஒரு கொட்டகை போட்டிருப்பார்கள். எனவே முதலில் பூட்டுக்கு நன்றி. அதைத் திறக்கச் சொல்லித்தான் இந்த மடல்.

நாங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், 14 பேர். அந்த 28 சென்ட்டில் 12 சென்ட்டை மட்டும் கொடுத்தால், தெருக்காரர்களோடு சேர்ந்து கீரையும் காய்கறியும் போடுவோம். மிச்சத்தில் பிள்ளைகள் விளையாடட்டும். பணம் கேட்கவில்லை, பட்டா கேட்கவில்லை. 3 வருடத்துக்கு ஓர் அனுமதிக் கடிதம் போதும். வாய்மொழியாகச் சொல்லும் ‘பார்த்துச் செய்துகொள்ளுங்கள்’ வேண்டாம். வழக்கமான 11 மாத ஒப்பந்தமும் வேண்டாம்.

ஏன் 3 வருடம்? கல்லூரிக்குப் பின்புறம் 3 சென்ட் இடத்தில் ஒரு வருடம் கையைச் சுட்டுக்கொண்டு கற்ற பாடம் அது. முதல் நாள் மண்வெட்டி போட்டபோது மண் வரவில்லை. ஓட்டுச் சில்லும் சிமென்ட் பாளமும்தான் வந்தன. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரரான காவலாளி அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: “மண்ணா இது? கட்டட இடிசல். குத்திக் குத்திக் கைதான் போகும் தம்பி. மேல பாத்தி கட்டு.” செங்கல்லை அடுக்கி, முழங்கால் உயரத்துக்குத் தொழுவுரமும் மட்கிய இலையும் நிரப்பினோம். சோவியத் யூனியன் சரிந்து உரமும் டீசலும் நின்றுபோன 1990-களில் கியூபாவின் ஹவானா நகரத்தார், விளைச்சலுக்கு உதவாத காலி மனைகளில் இப்படித்தான் பாத்தி எழுப்பி ஊருக்குக் காய்கறி கொடுத்தார்கள் என்பதைப் பிறகுதான் படித்தோம். அண்ணன் ஹவானாவைக் கேள்விப்பட்டதில்லை.

சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்தது. அந்த மிதப்பில் ஐப்பசியில் இன்னும் நான்கு பாத்தி விதைத்தோம். வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் அத்தனையையும் அழுக வைத்தது. வடிகால் விடவில்லை, எங்கள் முட்டாள்தனம். தை மாதம் போட்ட வெண்டையும் கொத்தவரையும்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்றின. மண் தேற ஒரு வருடம், மழையையும் வெயிலையும் புரிந்துகொள்ள இன்னொரு வருடம். உருப்படியாக விளைவது மூன்றாம் வருடம்தான். 11 மாதக் கடிதத்தை நம்பி யாரும் உரம் சுமக்க மாட்டார்கள்.

காலி இடத்தைத் தோட்டத்துக்கு ஒரு நகரம் கொடுத்ததற்கு முன்னுதாரணம் உண்டு. 1973-இல் நியூயார்க்கில் பவரி தெருவும் ஹூஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலையில் குப்பை மண்டிக் கிடந்த இடத்தை லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் அவருடைய நண்பர்களும் சுத்தம் செய்து செடி வைத்தார்கள். அடுத்த வருடமே மாதம் 1 டாலர் வாடகைக்கு நகர நிர்வாகம் அதை அவர்களிடம் கொடுத்தது. 1978-இல் இத்தகைய தோட்டங்களுக்கென்றே ஒரு திட்டமும் வந்தது. ஆனால் 1999-இல் அதே நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. அறக்கட்டளைகள் விலை கொடுத்து வாங்கித்தான் அவற்றை மீட்டன. கடிதத்தில் காலக்கெடுவைத் தெளிவாக எழுதுங்கள் என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

உங்கள் அதிகாரிகள் எழுப்பப்போகும் கேள்விகளை நாங்களே எழுப்பிப் பார்த்துவிட்டோம். ஓ.எஸ்.ஆர். நிலம் பொதுப் பயன்பாட்டுக்கு மட்டுமே. சரி, சுவர் எழுப்ப மாட்டோம், கொட்டகை போட மாட்டோம், கதவு காலை முதல் மாலை வரை எல்லோருக்கும் திறந்திருக்கும், விளைந்ததை விற்க மாட்டோம். கொசு? தண்ணீர் டிரம்கள் மூடியோடு இருக்கும். உங்கள் ஊழியர் எந்த நாளும் வந்து பார்க்கலாம். தண்ணீர்? மெட்ரோ வாட்டர் கேட்கவில்லை. பக்கத்து அடுக்ககத்தார் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைத் தருகிறோம் என்றார்கள். அன்புதான், ஆனால் அந்த உப்பு கீரைக்கு ஆகாது. அவர்கள் மொட்டை மாடி மழைநீரைக் கேட்டிருக்கிறோம். கோடைக்கு அது காணாது; சித்திரை, வைகாசியில் பாதிப் பாத்தியைச் சும்மா போடுவோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த நிலம் பெரிய சாலையை ஒட்டியது. காரீயம் கலந்த பெட்ரோலை இந்தியா 2000-ஆம் ஆண்டு வரை விற்றது. சாலையோர மண்ணில் விழுந்த காரீயம் லேசில் போகாது. ஆகவே மண்ணைச் சோதித்த பிறகே விதைப்போம். சாலைப் பக்கம் கீரை போட மாட்டோம்; புழுதியைத் தடுக்க அங்கே உயிர்வேலி வரும்.

எங்கள் பெரிய பலவீனம் வேறு. மூன்று வருடத்தில் நாங்கள் படித்து முடித்துப் போய்விடுவோம். அதனால் கடிதத்தை எங்கள் பெயருக்குத் தர வேண்டாம். தெருவில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இருக்கிறது. பாதிப் பேர் விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் நாற்று நட்டு வளர்ந்து, இப்போது வீட்டு வேலை செய்பவர்கள். அவர்கள் பெயருக்குக் கொடுங்கள். நாங்கள் உரம் சுமக்கும் ஆட்களாக இருக்கிறோம். அடுத்த வருடம் அடுத்த வகுப்பு வரும். எங்களில் வேளாண்மை படித்தவர் ஒருவரும் இல்லை. பாத்தி ஓரத்தில் நின்று எங்களைத் திருத்தப்போவது அந்த அம்மாக்கள்தான்.

பதிலுக்கு இரண்டு தருவோம். இந்த நகரம் நாளொன்றுக்கு 5000 டன்னுக்கும் மேல் குப்பை கொட்டுகிறது. எங்கள் தெருவின் ஈரக் குப்பையைக் கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளுக்கு அனுப்பாமல் இங்கேயே உரமாக்குகிறோம். பறிக்கும் கீரையில் ஒரு பங்கு உங்கள் அம்மா உணவகத்துக்கு, காசில்லாமல். 5 ரூபாய் சாம்பார் சாதத்தில் நாலு இலை முருங்கையோ முளைக்கீரையோ கூடுதலாகக் கிடந்தால் சாப்பிடுகிறவர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

இந்த 12 சென்ட் நகரத்துக்குச் சோறு போட்டுவிடும் என்ற கற்பனை எங்களுக்கு இல்லை. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றியபோது எங்கள் தெரு காய்கறிக்கு வண்டியை எதிர்பார்த்து வாசலில் நின்றது. அப்படி ஒரு வாரம் மறுபடி வந்தால் 60 வீட்டுக்குக் கீரையாவது இருக்கும். எங்கள் கணக்கு அவ்வளவுதான்.

திறப்பு விழா வேண்டாம், பலகையில் எங்கள் பெயரும் வேண்டாம். ஆடிப்பட்டத்துக்கு அவரை, வெண்டை, கத்தரி விதை வாங்கி வைத்திருக்கிறோம். பாத்தி கட்டி முடிக்க எங்களுக்கு 20 நாள் வேண்டும். ஆனி பிறப்பதற்குள் சாவி கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பில் மாணவர்கள் 14 பேர்