ஆடு தொடாத வேலி

காலையில் வாசல் தெளிக்க வருகிறீர்கள். நேற்று மாலை எண்ணி வைத்த முல்லை மொட்டுகளில் ஒன்றைக்கூடக் காணோம். கனகாம்பரம் மொட்டைக் குச்சியாக நிற்கிறது. யாரை நொந்துகொள்வது?

கிண்டிப் பக்கத்துச் சகோதரிகளாக இருந்தால், "எல்லாம் மான் செய்த வேலை!" என்று பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். 1978-இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காட்டிலும், அதை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்திலும் புள்ளிமான்கள் உலவுகின்றன. ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. நமக்கு வாய்த்த மான்கள், அடுத்த தெரு ஆடும் எதிர்வீட்டு மாடும்தான்!

இருந்தாலும் மூன்றும் அசைபோடும் இனம். மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. ஆகவே தண்டைக் கத்தரிக்காமல், பிய்த்து இழுக்கும். துப்புத் துலக்க இது போதும். கடித்த முனை நார்நாராகக் கிழிந்திருந்தால் ஆடு அல்லது மாடு. கத்தியால் சீவியதுபோல் சுத்தமாக இருந்தால் எலி, பெருச்சாளியின் கைவரிசை. பெருச்சாளி செய்ததற்கு ஆட்டுக்காரம்மாளுடன் சண்டைக்குப் போகலாமா? முதலில் தண்டைப் பாருங்கள்.

ஆடுதான் என்று தெரிந்துவிட்டதா? மானைத் தடுக்க 8 அடி வேலி வேண்டும். ஆட்டுக்கு 5 அடி போதும். பின்னங்கால்களில் நின்று எட்டிப் பார்க்கும் ஆசாமி அது என்பதால், அதற்குக் குறைத்துவிடாதீர்கள். காசிமேட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்குப் பழைய மீன்வலை கிடைப்பது சிரமமில்லை. கம்புகள் நட்டு, வலையை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று விட்டால் அணிலும் குருவியும் மாட்டிக்கொண்டு தவிக்கும். செடிக்கும் வலைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி இருக்கட்டும்.

வலை வேண்டாம், பச்சையாக வேலி வேண்டும் என்கிறீர்களா? இருமலுக்குக் கஷாயம் வைக்கிறோமே, அந்த ஆடாதொடை இருக்கிறது. 'ஆடு தொடா' இலை என்பதால்தான் அந்தப் பெயரே! குச்சியை ஒடித்து நட்டால் வேர்விடும். கடலோர மணலில் நித்தியகல்யாணியும் நன்றாக வளரும். அதன் கசப்புக்கு ஆடு மாடுகள் வாய் வைப்பதில்லை. வெளிவரிசையில் இவை, உள்வரிசையில் முல்லையும் கனகாம்பரமும் என்று வைத்துப் பாருங்கள்.

அரளியும் உப்புக் காற்றைத் தாங்கும்; பூஜைக்கும் ஆகும். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டாம். வெட்டிய கிளையைத் தெருவில் எறியவும் கூடாது. வாடிய இலையிலும் விஷம் போகாது, பசித்த மாடு தின்றுவிடும்.

செலவில்லாத உபாயம் ஒன்று: சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, இலைகளின் மேல் தெளியுங்கள். தன் சாண வாடை அடிக்கும் தழையை மாடு ஒதுக்கும். ஆடும் முகம் சுளிக்கும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். வேப்பிலையைக் கட்டித் தொங்கவிட்டுப் பயனில்லை. ஆட்டுக்கு அது பலகாரம்!

கோபத்தில் சிலர் சோற்றில் மருந்து கலந்து வைத்துவிடுகிறார்கள். அது மகாபாவம் மட்டுமல்ல, குற்றமும்கூட. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி, பிராணியை விஷம் வைத்துக் கொன்றால் 5 ஆண்டு வரை சிறை. நமக்கு ஒருநாள் பூ போயிற்று. அந்த ஆடோ ஒரு குடும்பத்தின் சேமிப்பு. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மகளின் பிரசவச் செலவுக்கும் விற்கவென்று வளர்ப்பது.

இன்னொன்றும் யோசியுங்கள். ஆடு ஏன் நம் வாசலுக்கு வருகிறது? காய்கறித் தோலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் வைக்கிறோமே, அந்த வாசனைக்குத்தான். பையோடு விழுங்கினால் அதன் வயிறு அடைத்துப்போகும். கிண்டிப் பக்கத்து மான்களே பிளாஸ்டிக்கைத் தின்று மடிந்திருக்கின்றன.

தோலைத் தனியே எடுத்து ஆட்டுக்காரம்மாளிடம் கொடுத்துவிடுங்கள். பதிலுக்கு ஒரு கூடை ஆட்டுப் புழுக்கை கேளுங்கள். மக்கவைத்து வேரடியில் போட்டால் முல்லைக்கு அதைவிட நல்ல எரு உண்டா? பூவைத் தின்ற ஆடே பூவைத் தரும். தெருவில் ஒரு சிநேகிதியும் கிடைப்பாள்.