அம்பாசடரின் மூச்சு

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், மூன்றாவது நிமிடத்தில் பேச்சு கார்புரேட்டருக்கு வந்துவிடும். ஒன்று போதுமா, இரண்டு மாட்டலாமா? சோலெக்ஸைக் கழற்றிவிட்டு எஸ்.யூ. போடலாமா? இத்தாலிய வெபர் கிடைத்தால் எப்படி? டெல்லி காஷ்மீரி கேட்டிலும் கொல்கத்தா மல்லிக் பஜாரிலும் இந்தக் கேள்விக்குக் கடைக்குக் கடை ஒரு பதில் உண்டு. பெரும்பாலும் கடையில் அன்று என்ன சரக்கு இருக்கிறதோ அதுதான் பதில்.

உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதத்தோடு அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது அதை வாங்கிச் சீராட்டுபவர்களுக்கு அது அன்றாடப் பயணத்துக்கான வண்டி அல்ல, ஆசைக்கான வண்டி. ஆசை இருக்கும் இடத்தில் அதிகக் குதிரைசக்தி மீதும் கண் போகத்தான் செய்யும். இரண்டு கார்புரேட்டர் போட்டால் இருபது குதிரை கூடும் என்பது இந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக உலவும் நம்பிக்கை. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆபத்தே அந்தப் பாதிதான்.

கார்புரேட்டருக்குத் தமிழில் சொல் ஆக்கிப் பார்த்தவர்கள் உண்டு. எந்தப் பட்டறையிலும் அது நுழையவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு, மெக்கானிக்குகள் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தின் மேல் பொறாமை: "வண்டி மூச்சு திணறுது சார்." விஞ்ஞானமாகப் பார்த்தாலும் சரியான வர்ணனை. எஞ்சின் என்பது அடிப்படையில் ஒரு காற்றுப் பம்புதான்.

கணக்கைப் பாருங்கள். அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் அது முழு மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 4,200 சுற்று ஓடினால் 2,100 மூச்சு. அதிகபட்சம் சுமார் 3,100 லிட்டர் காற்று. வால்வும் வளைவுகளும் தடுப்பதில் முக்கால் பங்கு உள்ளே போனாலே பெரிய விஷயம். ஆக, 2,300 லிட்டர் சொச்சம். இதற்குத் தேவையான பெட்ரோலைத் தூவிக் கலப்பதுதான் கார்புரேட்டரின் வேலை. அதன் தொண்டை குறுகியிருப்பதால் அங்கே காற்று வேகமெடுக்கிறது. வேகமெடுத்தால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலை உறிஞ்சிச் சிதறடிக்கிறது.

தொண்டை மிகக் குறுகலாக இருந்தால் நெடுஞ்சாலையில் மூச்சு முட்டும். மிக அகலமாக இருந்தால் நகரத்துக்குள் தொல்லை: காற்று சோம்பலாக நகரும், பெட்ரோல் தூவலாகாமல் துளியாக விழும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் விழித்துவிட்டு அப்புறம்தான் நகரும். பெரிய கார்புரேட்டர் என்றால் பெரிய சக்தி என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டாவது சங்கதியைக் கடைக்காரரிடம் கேட்பதில்லை.

இருபது குதிரைக் கதைக்கு ஆதாரம் எம்.ஜி.ஏ. 1955-இல் இங்கிலாந்தில் வந்த இந்த இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கும் அம்பாசடருக்கும் எஞ்சின் வம்சம் ஒன்றே: பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசை, அதே 1489 சி.சி. அம்பாசடரில் சுமார் 50 குதிரைசக்தி. எம்.ஜி.ஏ.வில் ஒன்றரை அங்குல எஸ்.யூ. கார்புரேட்டர்கள் இரண்டு, முதலில் 68, பிறகு 72 குதிரைசக்தி. கழித்துப் பார்த்தால் இருபது வருகிறது. ஆனால் எம்.ஜி.ஏ.வின் அழுத்த விகிதம் 8.3. அதன் உச்ச சக்தி கிடைப்பது 5,500 சுற்றில். அந்தச் சுற்றுக்கு மூச்சுவிட ஏற்றபடி சிலிண்டர் ஹெட்டிலிருந்து சைலன்சர் குழாய் வரை அமைந்த மொத்த ஏற்பாடு அது. அதிலிருந்து கார்புரேட்டரை மட்டும் பிய்த்து எடுத்து, 4,200 சுற்றிலேயே உச்சம் தொடும் குடும்பக் காரில் மாட்டினால் இருபது வராது. அம்பாசடருக்கு நேர் மூதாதையான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக்கு அதே நிறுவனம் ஒரே ஒரு எஸ்.யூ.தான் கொடுத்தது என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்த எஞ்சினின் ஹெட்டில் காற்று நுழைய நான்கு வாசல் கிடையாது, இரண்டுதான். முதல் இரண்டு சிலிண்டருக்கு ஒன்று, அடுத்த இரண்டுக்கு ஒன்று. வெளியே எத்தனை கார்புரேட்டர் தொங்கவிட்டாலும் உள்ளே கூட்டுக் குடித்தனம்தான். இரட்டை எஸ்.யூ.வின் நியாயம் அங்கே வாசலுக்கு ஒன்றாக நேர்வழி அமைவது. லாபம் நிஜமானது; ஆனால் அதிகச் சுற்றில்தான் தெரியும். கூடவே ஒரு வேலையும் வரும்: இரண்டும் சம அளவில் காற்று இழுக்கும்படி பொருத்த வேண்டும். பழைய மெக்கானிக்குகள் ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, இரண்டு வாயிலும் எழும் 'உஸ்' சத்தத்தை ஒப்பிட்டே இதைச் செய்துவிடுவார்கள். அந்தக் காதுகள் அருகி வருகின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டர் போய்விட்டது. பையன்கள் எதை வைத்துப் பழகுவார்கள்?

வெபர் இன்னும் கவர்ச்சி. 40 டி.சி.ஓ.இ. என்ற பெயரே சிலருக்கு மந்திரம்: பக்கவாட்டில் படுத்த இரட்டைக் குழல், ஒவ்வொன்றும் 40 மில்லிமீட்டர். உள்ளே தொண்டைக் குழல், மெயின் ஜெட், காற்று ஜெட், எமல்ஷன் குழாய், ஐட்லிங் ஜெட், பம்பு ஜெட் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றலாம். எல்லாவற்றையும் மாற்றலாம் என்றால் எல்லாவற்றையும் தப்பாகவும் மாற்றலாம் என்று அர்த்தம். ஹெட், கேம்ஷாஃப்ட், புகை வெளியேறும் மேனிஃபோல்டு எல்லாம் மாற்றி அமைத்த எஞ்சினுக்கு அது அற்புதம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோவிலுக்குப் போகும் வண்டிக்கு அது பகட்டு.

ஆக, நிஜமான தேர்வு ஒற்றை சோலெக்ஸுக்கும் ஒற்றை எஸ்.யூ.வுக்கும் இடையில்தான். அம்பாசடர்களில் இரண்டையும் பார்க்கலாம். சோலெக்ஸ் பிரெஞ்சு வம்சம்; இங்கே சென்னையில் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் தயாரித்தது. தொண்டை அளவு மாறாது. வேகத்துக்கு வேகம் தனித்தனி ஜெட் பார்த்துக்கொள்ளும். எஸ்.யூ.வின் யுக்தியே வேறு. எஞ்சின் இழுக்கும் அளவுக்கு ஏற்ப ஒரு பிஸ்டன் தானே உயர்ந்து தொண்டையை அகலப்படுத்தும். அந்தப் பிஸ்டனின் அடியில், நுனி நோக்கிச் சிறுத்துப் போகும் ஓர் ஊசி. பிஸ்டன் உயர உயர ஊசி ஜெட்டிலிருந்து வெளிவந்து பெட்ரோலுக்கு அதிக இடம் விடும். ஒரு தொண்டை, ஒரு ஜெட், ஓர் ஊசி. 1905-ஆம் ஆண்டு யோசனை. இன்றும் எனக்கு அலுக்காத பொறியியல் அழகு.

என் ஓட்டு எஸ்.யூ.வுக்கு. வண்டியில் நல்ல சோலெக்ஸ் ஏற்கனவே இருந்தால் அதை மாற்ற வேண்டியதில்லை. த்ராட்டில் தண்டு தேய்ந்து ஆடாமல் இருந்தால் போதும். ஆடினால் அந்தச் சந்தில் காற்று திருட்டுத்தனமாக நுழையும். எந்த ட்யூனிங்கும் நிற்காது. புதிதாக வாங்குவதானால் ஒற்றை எஸ்.யூ. அதன் அளவு பெயரிலேயே இருக்கிறது: ஹெச்.எஸ்.2 என்றால் ஓர் அங்குலத்துக்கு மேல் எட்டில் இரண்டு பங்கு, அதாவது ஒன்றேகால் அங்குலம். ஹெச்.எஸ்.4 ஒன்றரை. மாற்றம் செய்யாத எஞ்சினுக்கு ஒன்றேகாலே தாராளம்.

நான் எஸ்.யூ. பக்கம் சாய்வதற்கு இன்று இன்னொரு காரணம் பெட்ரோல். 2025-இல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 வந்துவிட்டது. எத்தனால் இல்லாத பெட்ரோலும் பம்புகளில் கிடைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. புதிய கார்களில் ஆக்சிஜன் சென்சாரும் கம்ப்யூட்டரும் சேர்ந்து கலவையைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது.

சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; எத்தனாலுக்கு 9 போதும், ஏனெனில் அது தன் ஆக்சிஜனில் ஒரு பகுதியைத் தானே கொண்டுவருகிறது. இ20-க்குக் கணக்குப் போட்டால் பதின்மூன்றரைக்குப் பக்கம் வரும். அதாவது அதே காற்றுக்குச் சுமார் 8 அல்லது 9 சதவீதம் அதிக எரிபொருள் வேண்டும். பழைய ஜெட்டையே விட்டுவைத்தால் கலவை நீர்த்துப்போகும். வண்டி சூடாகும், இழுவை குறையும், நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இருபது குதிரை வருமா வராதா என்பதைவிட இதுதான் இன்று அவசரம்.

சோலெக்ஸ் என்றால் ஜெட்டை மாற்ற வேண்டும். அதன் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது. உங்கள் மெயின் ஜெட் 120 என்று வைத்துக்கொண்டால், 125 போட்டாலே துளையின் பரப்பு எட்டு சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ஐட்லிங் ஜெட்டையும் மறக்கக் கூடாது. எஸ்.யூ.வில் ஜெட்டுக்கு அடியில் உள்ள நட்டைத் திருகி ஜெட்டைச் சற்று இறக்கினால் கலவை கெட்டியாகும். நட்டின் ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு சுற்று, திருகிவிட்டுப் பார்க்கலாம். பிஸ்டனை மயிரிழை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. ஆனால் இது ஐட்லிங்குக்கான சோதனை. நெடுஞ்சாலை வேகத்துக்கும் சரியாக வர வேண்டுமானால் சற்றே மெலிந்த ஊசியாக மாற்றுவதே முழு வைத்தியம்.

ரப்பர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எத்தனாலுக்குப் பழைய பெட்ரோல் குழாய்களும் பம்பின் டயஃபிரமும் தாங்காது. எத்தனாலைத் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே கார்புரேட்டர் உட்காரும் எஞ்சின் இது. மே மாத டெல்லியில் சிக்னலில் நின்றால் பெட்ரோல் ஆவியாகி வண்டி அடம்பிடிக்கும். இடையில் தடிமனான வெப்பத்தடுப்புக் கட்டையும், தகட்டு மறைப்பும் வைத்தால் இரண்டாவது கார்புரேட்டரைவிட அதிகப் பலன் தரும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். உள்ளே வெள்ளைப் பொடி பூத்த கார்புரேட்டர்களைப் பட்டறைகளில் இப்போது அடிக்கடி பார்க்கலாம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விண்டேஜ் வாகன விதிகளின்படி, 50 வயது தாண்டிய, வணிகத்துக்கல்லாத வண்டி அசல் வடிவில் இருந்தால் 20,000 ரூபாய் கட்டி 10 ஆண்டுக்கு 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட பதிவெண் பெறலாம். சேஸி, பாடி, எஞ்சின் எதிலும் மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எழுபதுகளின் தொடக்கத்து அம்பாசடர்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. ஜெட்டும் ஊசியும் மாற்றியதை யாரும் கேட்கப் போவதில்லை. பக்கவாட்டில் பளபளக்கும் ஒரு ஜோடி வெபரைப் பார்த்தால் ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்கலாம். எதை மாட்டினாலும், கழற்றிய அசல் கார்புரேட்டரையும் அதன் மேனிஃபோல்டையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, டிக்கியில் வையுங்கள்.